பந்தை விட்டுக்கொடுக்கக் கற்பித்த ஆசிரியர்: சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கை

பனச்சமூடு: கேரளமும் தமிழ்நாடும் தொட்டுக்கொள்ளும் பனச்சமூட்டில் சாலையைக் கடந்தால் மாநிலம் மாறிவிடும். ஆனால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துச் சிற்றூர்களில் மாலை வேளைகளில் உருளும் கால்பந்துக்கு அந்த எல்லை ஒரு பொருட்டன்று. இதே நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடலோர ஊரான பொழியூர், சந்தோஷ் டிராபி வீரர்கள் பலரைத் தந்து பெயர் பெற்றது. எந்த ஊராயினும் சிறுவர்கள் முதலில் கற்க விரும்புவது ஒரே வித்தைதான்: பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரணியினர் இருவர் மூவரை ஏமாற்றிச் செல்வது.

அந்த ஆசைக்குக் கடிவாளமிட்டு, பந்தை உரிய நேரத்தில் தோழனிடம் விட்டுக்கொடுப்பவனே ஆட்டத்தை வெல்கிறான் என்று ஒரு தலைமுறைக்கே கற்பித்தவர் ஹைதராபாதைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீம். இந்திய அணிக்கு 2 ஆசிய விளையாட்டுத் தங்கங்களையும், ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும் பெற்றுத் தந்த பயிற்சியாளர் அவர். தம் இறுதிப் பெருவெற்றியை நோயுற்ற உடலோடு ஈட்டி, அடுத்த ஆண்டே மறைந்தார்.

வகுப்பறையிலிருந்து மைதானத்துக்கு

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17 அன்று ஹைதராபாதில் பிறந்தார். நிஜாம் ஆட்சியின் கீழ் இருந்த அந்நகரில் கால்பந்து அப்போதே வேரூன்றியிருந்தது. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கலைப்பிரிவில் பட்டம் பெற்ற அவர், ஆசிரியப் பணியில் சேர்ந்தார். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி உள்ளிட்ட பள்ளிகளில் பணியாற்றினார். பின்னர் உடற்கல்வியில் பட்டயப் படிப்பை முடித்து, விளையாட்டுக் கல்வியின் பக்கம் திரும்பினார்.

அவரும் கால்பந்து ஆடியவரே. எனினும் அவருடைய பெயர் நிலைத்தது ஆட்டக்காரராக அன்று, ஆசிரியராக. 1940-களின் தொடக்கத்தில் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்ற அவர், வாழ்நாள் இறுதிவரை அப்பொறுப்பில் இருந்தார். வீரர்கள் அவரை ரஹீம் சாப் என்றே அழைத்தனர். ஒழுங்கில் கண்டிப்பு, சொல்லில் சுருக்கம், விளக்கத்தில் தெளிவு ஆகிய ஆசிரியருக்குரிய குணங்களை மைதானத்துக்கும் அவர் கொண்டுவந்தார்.

தடை விதித்த போட்டிகள்

ஹைதராபாதின் இளம் வீரர்களுக்காக ரஹீம் நடத்திய சில போட்டிகள் அக்காலத்தில் வியப்பை ஏற்படுத்தின. அவற்றுள் ஒன்று, பந்தை உருட்டிக்கொண்டு எதிரியை ஏமாற்றிச் செல்லும் ட்ரிப்ளிங்கிற்குத் தடை விதித்த போட்டி. பந்து காலுக்கு வந்ததும் அதைத் தோழனுக்கு அனுப்பிவிட வேண்டும்.

இந்தத் தடையின் பயன் உடனே விளங்குவது. பந்தை வைத்திருக்க முடியாது என்றால், அது வருவதற்கு முன்பே அடுத்து எங்கே அனுப்புவது என்று வீரன் முடிவு செய்தாக வேண்டும். அவன் கண் தன் காலைவிட்டு மைதானத்தின் மேல் படிகிறது. பந்து இல்லாத மற்றவர்களும் நின்ற இடத்தில் நிற்க இயலாது. பந்தைப் பெறத்தக்க வெற்றிடத்தைத் தேடி ஓடியாக வேண்டும். ஒருவரின் திறமையை நம்பிய ஆட்டம், அந்தத் தடையால் பதினொருவரின் ஆட்டமாக மாறியது.

மற்றொரு வகைப் போட்டியில், வீரர்கள் தமக்குப் பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும். வலக்கால் பழக்கமுள்ளவன் இடக்காலால் ஆட வேண்டும். ஒரே காலை நம்பும் வீரன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பதைத் தடுப்பாட்டக்காரர் எளிதில் கணித்துவிடுவார். இரு காலும் பழகியவனைக் கணிப்பது கடினம். மேலும், பந்தை நல்ல காலுக்கு மாற்றிக்கொள்ளச் செலவாகும் ஒரு நொடியும் மிச்சமாகும். அந்த ஒரு நொடியில்தான் எதிரணியின் தடுப்பு தன்னைச் சீரமைத்துக்கொள்கிறது என்பதை ரஹீம் அறிந்திருந்தார்.

இக்கருத்து கால்பந்துக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் புகழ்பெற்ற ரக்பி லீக் ஆட்டத்தில், முன்கள வீரர் பந்தோடு பாய்ந்து எதிரணியினர் இருவர் மூவரைத் தன்மேல் இழுத்துக்கொள்வார். அவர்கள் பிடித்துக் கீழே சாய்ப்பதற்குள் பந்தைப் பக்கத்துத் தோழனிடம் சேர்த்துவிடுவார். ஆஃப்லோடு எனப்படும் அந்த வித்தையில் ஆஸ்திரேலியாவின் ஆர்தர் பீட்சன் பின்னாளில் பெரும்புகழ் பெற்றார். ஒருவனைப் பிடிக்க மூவர் வந்தால் வேறெங்கோ இருவர் தனித்து நிற்கின்றனர் என்ற எளிய கணக்கே அதன் அடிப்படை. ரஹீம் கால்பந்தில் கற்பித்ததும் அதே கணக்குத்தான்.

காவல்துறை அணியின் பொற்காலம்

1950-ஆம் ஆண்டில் ரஹீம் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். நிஜாம் ஆட்சி முடிந்து, ஹைதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தியக் கால்பந்தின் தலைநகராகக் கொல்கத்தா கோலோச்சிய காலம் அது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய அணிகளின் புகழுக்கு முன் தெற்கிலிருந்து வந்த ஒரு காவல்துறை அணியைப் பெரிதாக எண்ணியவர் சிலரே.

அவ்வாண்டே டூரண்ட் கோப்பை இறுதியில் மோகன் பகானை வென்றது அந்த அணி. மும்பையில் நடைபெற்ற ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை கைப்பற்றியது. ஹைதராபாத் மாநில அணி 1956-57, 1957-58 ஆகிய இரு பருவங்களிலும் அடுத்தடுத்து சந்தோஷ் டிராபியை வென்றது. அஜீஸுதீன், நூர் முகமது, அகமது ஹுசைன், துளசிதாஸ் பலராம் என ஹைதராபாத் மண்ணில் வளர்ந்த வீரர்கள் இந்திய அணியின் தூண்களாயினர்.

தங்கமும் தோல்வியும்

இந்திய அணியின் பயிற்சியாளராக ரஹீம் கண்ட முதல் பெருவெற்றி 1951-இல் வந்தது. டெல்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், சைலன் மன்னா தலைமையிலான இந்திய அணி இறுதியில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் சாஹு மேவாலால்.

மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. இந்திய வீரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினர். பின்லாந்தின் குளிரும் ஈரத் தரையும் அவர்களுக்குப் புதியவை. அத்தோல்விக்குப் பிறகு இந்தியக் கால்பந்தில் பூட்ஸ் அணிவது கட்டாயமாக்கப்பட்டது.

தோல்வியின் காரணம் காலணி மட்டும் அன்று. அதுவரை இந்திய அணிகள் பெரிதும் நம்பியிருந்தது, 2 பின்கள வீரர்களும் 3 நடுக்கள வீரர்களும் 5 முன்கள வீரர்களும் கொண்ட பழைய அமைப்பு. வேகமாகப் பந்தைப் பரிமாறும் ஐரோப்பிய அணிகளுக்கு எதிரே அந்த இரண்டு பின்கள வீரர்கள் போதாதவர்களாயினர். தடுப்பை வலுப்படுத்தாமல் தாக்குதலைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்ற முடிவுக்கு ரஹீம் வந்தார்.

பின்வாங்கும் முன்கள வீரன்

1953 நவம்பரில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஹங்கேரி அணி இங்கிலாந்தை 6-3 என்று வீழ்த்தி உலகை அதிரவைத்தது. ஹங்கேரியின் நடு முன்கள வீரர் நாண்டோர் ஹிடெகுட்டி கோலுக்கு அருகில் நிற்காமல் பின்னோக்கி வந்து பந்தைப் பெற்றதே அவ்வெற்றியின் சூட்சுமம். உலகக் கால்பந்தில் நிகழ்ந்துவந்த இத்தகைய மாற்றங்களை ஹைதராபாதிலிருந்து கூர்ந்து கவனித்தவர் ரஹீம். பின்வாங்கும் முன்கள வீரன் என்ற உத்தியை அவர் இந்திய அணியிலும் கையாண்டார்.

அந்த உத்தி எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரரை இக்கட்டில் தள்ளுவது. முன்கள வீரனைத் தொடர்ந்து அவர் முன்னே சென்றால், அவருக்குப் பின்னால் வெற்றிடம் உருவாகும். அதனுள் மற்ற முன்கள வீரர்கள் பாய்வர். தம் இடத்திலேயே அவர் நின்றால், பின்வாங்கிய வீரன் தடையின்றிப் பந்தைப் பெற்று ஆட்டத்தை நடத்துவான்.

இதில் இன்னொரு பயனும் இருந்தது. பின்வாங்கி வரும் முன்கள வீரன், எதிரணி பந்தைப் பறித்த மறுகணமே தடுப்பில் ஈடுபட ஏற்ற இடத்தில் இருக்கிறான். தாக்குபவனே முதல் தடுப்பாளன் ஆகிறான். காலப்போக்கில் இந்திய அணி 4 பின்கள வீரர், 2 நடுக்கள வீரர், 4 முன்கள வீரர் என்ற அமைப்பை நோக்கி நகர்ந்தது. 1958 உலகக் கோப்பையில் பிரேசில் அணி வழியே உலகம் அறிந்த அமைப்பு அது.

மெல்போர்ன் 1956

இம்மாற்றங்களின் பலன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் தெரிந்தது. சமர் பானர்ஜி தலைமையிலான இந்திய அணி, காலிறுதியில் போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா 3 கோல்கள் அடித்து, ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் கண்ட முதல் ஆசியர் என்ற பெருமையைப் பெற்றார்.

அரையிறுதியில் எதிரே நின்றது ஹெல்சிங்கியில் 10 கோல் அடித்த அதே யூகோஸ்லாவியா. இம்முறை முதல் கோலை அடித்தது இந்தியா. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் டிசூசா அடித்த அந்தக் கோலின் முன்னிலை நீடிக்கவில்லை. ஆட்டம் 1-4 என்று முடிந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்று தோற்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய மிக உயர்ந்த இடம் இன்றளவும் அதுவே.

1960 ரோம் ஒலிம்பிக்கில் பி.கே. பானர்ஜி தலைமையில் சென்ற அணிக்கு ஹங்கேரி, பிரான்ஸ், பெரு ஆகிய நாடுகள் கொண்ட கடும் பிரிவு வாய்த்தது. ஹங்கேரியிடம் 1-2 என்ற குறுகிய வித்தியாசத்தில் தோற்ற இந்தியா, பிரான்ஸுடன் 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று தோற்றது. அடுத்த சுற்றுக்கு முன்னேறாவிட்டாலும், 8 ஆண்டுகளுக்கு முன் 10 கோல் வாங்கிய நாடு ஐரோப்பிய அணிகளுக்குச் சமமாக நிற்க முடியும் என்பது உறுதியாயிற்று. ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் அந்த அணியில் இடம்பெற்றிருந்தார்.

ஜகார்த்தாவில் ஒரு துணிவு

1962 ஆகஸ்டில் இந்திய அணி ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக ஜகார்த்தா சென்றபோது ரஹீமின் உடல் நலிந்திருந்தது. நெடுங்காலமாகப் புகைபிடிக்கும் வழக்கம் உள்ளவர் அவர். நுரையீரலைப் பற்றியிருந்த புற்றுநோய் அவரை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

சுனி கோஸ்வாமி தலைமையிலான அணி, முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றபோதும் மகிழ்ச்சி முழுமையாக இல்லை. அணியின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போடும் நிலை வந்தது. அவர் இல்லாமல் ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது இந்தியா.

அரையிறுதியில் எதிரணி தென் வியட்நாம். ஜர்னைலைத் தடுப்பில் நிறுத்த இயலாது. பறந்துவரும் பந்துகளை அங்கே ஓயாமல் தலையால் முட்டித் தள்ள வேண்டியிருக்கும். வெளியே அமரவைக்கவும் ரஹீமுக்கு மனமில்லை. ஜர்னைல் பஞ்சாபில் மாணவப் பருவத்தில் முன்கள வீரராக ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். ஆசியாவின் மிகச் சிறந்த பின்கள வீரர்களுள் ஒருவரை நடு முன்களத்தில் நிறுத்த அவர் முடிவெடுத்தார்.

தோற்றிருந்தால் அந்த முடிவு வாழ்நாள் பழியாகியிருக்கும். ஆனால் கட்டுப்போட்ட தலையோடு இறங்கிய ஜர்னைல் கோல் அடித்தார். சுனி கோஸ்வாமி 2 கோல்கள் அடித்தார். 3-2 என்று வென்று இந்தியா இறுதிக்குச் சென்றது.

தடுப்பாட்டக்காரர் முன்களத்தில் நின்றதால் விளைந்த நன்மை கோல் மட்டும் அன்று. உடல் வலிமை மிக்க ஜர்னைலைக் கண்காணிக்க எதிரணியின் நடுத் தடுப்பாட்டக்காரர்கள் அவரைச் சுற்றியே நிற்க வேண்டியதாயிற்று. இருபுறமும் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகியோருக்கு வழி திறந்தது. பின்னால் அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங் உள்ளிட்டோர் ஜர்னைல் விட்டுச் சென்ற சுமையைப் பகிர்ந்துகொண்டனர்.

செப்டம்பர் 4

இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென் கொரியா. இம்முறை எதிரே நின்றது கொரியா மட்டும் அன்று. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை, ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் இந்திய நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்த்திருந்தார். அதனால் உள்ளூர் மக்களின் கோபம் இந்திய வீரர்கள் மேல் திரும்பியது. செனயான் மைதானத்தில் திரண்ட பெருங்கூட்டம் இந்திய அணியை ஏளனக் கூச்சலோடு எதிர்கொண்டது. அக்கூட்டத்தின் நடுவே இந்தியாவுக்காகக் குரல் கொடுத்தவர்களுள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

முந்தைய இரவு ரஹீம் வீரர்களிடம் ஓர் ஆசிரியர் தம் மாணவர்களிடம் கேட்பதுபோல் ஒரு பரிசு கேட்டதாகவும், அது மறுநாளின் தங்கம் என்றும் வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். அவருடைய உடல்நிலையை அவர்கள் அறிந்திருந்தனர்.

இறுதிக்கு ரஹீம் இன்னொரு துணிவான முடிவும் எடுத்தார். காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் இடம்பெறாதிருந்த பீட்டர் தங்கராஜை கோல் கீப்பராக இறக்கினார். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்காக ஆடி டூரண்ட் கோப்பை வென்ற ராணுவ வீரர் தங்கராஜ். கொரியர்கள் உயரத்தில் அனுப்பும் பந்துகளை எட்டிப் பிடிக்க அவருடைய நெடிய உருவம் தேவை என்று ரஹீம் கணித்தார்.

ஆட்டம் தொடங்கிய 20 நிமிடங்களுக்குள் இந்தியா 2 கோல்கள் அடித்தது. முதல் கோல் பி.கே. பானர்ஜியுடையது, இரண்டாவது ஜர்னைல் சிங்குடையது. அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நடந்தது தடுப்பாட்டப் போர். முன்கள வீரர்களும் பின்வந்து தடுத்தனர். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒரு கோல் அடித்தது. அதற்கு மேல் அவர்களால் இயலவில்லை. 2-1 என்று இந்தியா தங்கம் வென்றது. முதல் ஆட்டத்தில் தன்னை வீழ்த்திய அணியையே இறுதியில் வென்றது.

மறைவும் எஞ்சியதும்

ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய ரஹீமின் உடல்நிலை விரைந்து சரிந்தது. 1963 ஜூன் 11 அன்று அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 53. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்திய அணி தகுதி பெற்றதும் இல்லை.

அவர் வளர்த்த வீரர்கள் சில ஆண்டுகள் அந்த நெருப்பை அணையாமல் காத்தனர். 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. பி.கே. பானர்ஜி பின்னாளில் நாடறிந்த பயிற்சியாளரானார். ஹக்கீம் விமானப் படையில் பணியாற்றி, சர்வதேச நடுவராகவும் விளங்கி, 2021-இல் மறைந்தார். சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-இல் நிறுவப்பட்டபோது, ரஹீம் மறைந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2024-இல் வெளியான மைதான் என்ற இந்தித் திரைப்படம், அஜய் தேவ்கன் நடிப்பில் அவருடைய பெயரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது.

ரஹீம் கற்பித்த முறைக்குப் பெரும் பொருட்செலவு தேவைப்படவில்லை. ஒரு பந்தும் சிறிது வெளியும் கண்டிப்பான ஒரு விதியும் போதுமாயிருந்தன. ட்ரிப்ளிங் கூடாது, பழகாத காலால் உதைக்க வேண்டும், பந்து பறிபோனால் அருகில் நிற்பவனே முதலில் தடுக்க வேண்டும் என்ற விதிகளை எந்த ஊர்த் திடலிலும் இன்றே தொடங்கலாம். பனச்சமூட்டின் எல்லைச் சாலைக்கு இப்புறமும் அப்புறமும் பந்தாடும் சிறுவர்களுக்கும் அந்தப் பாடம் எட்டாத தொலைவில் இல்லை. அதைச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் வேண்டும் என்பதே ரஹீமின் வாழ்க்கை உணர்த்தும் செய்தி.